நியூசிலாந்தின் ‘ஆண்டின் பறவை’: ஓர் இணைய வாக்கெடுப்பு ஆட்களைச் சேர்த்த விதம்

2023 நவம்பரில் நியூசிலாந்தின் ‘ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட்’ என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய இணைய வாக்கெடுப்பில், அந்நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே எஞ்சியிருக்கும் ஒரு முக்குளிப்பான் இனம் 2,90,374 வாக்குகள் பெற்று வென்றது. இரண்டாம் இடத்தில் வந்த வடக்குத் தீவின் பழுப்புக் கிவிக்குக் கிடைத்தவை 12,904. மொத்தம் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் 195 நாடுகளிலிருந்து வந்து குவிந்ததால் அவற்றைச் சரிபார்க்கவே நேரம் போதாமல் போய், முடிவை அறிவிப்பது இரண்டு நாள் தள்ளிப்போனது. இந்த எண்களை மட்டும் பார்த்து, இதைப் போன்ற ஒரு தளத்தை நாமும் அமைக்க வேண்டும் என்று விரும்புவோர் பலர் இருப்பார்கள். ஆனால் 2023, அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஒருவர் உலகெங்கும் வாக்குத் திரட்டிய விதிவிலக்கான ஆண்டு. ஒரு வாக்கெடுப்புத் தளம் எப்படி அமைய வேண்டும் என்பதை அறிய விரும்புபவருக்கு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் எந்த வெளிநாட்டுப் பிரபலத்தின் தயவுமின்றி அத்தளம் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளைத் திரட்டியது எவ்வாறு என்பதே பயனுள்ள கேள்வி என்று இந்த ஆய்வு கருதுகிறது.

பின்னணி

‘ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட்’ 1923-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. ‘ஆண்டின் பறவை’ வாக்கெடுப்பை அது 2005-ல் தொடங்கியது. முதலாண்டில் வென்றது ‘டூயி’ என்னும் தேன்குடிப் பறவை. நியூசிலாந்தின் நிலப்பரப்பில் வௌவாலைத் தவிரத் தாயகப் பாலூட்டிகள் எவையும் இல்லை. மனிதர்கள் கொண்டுவந்த எலி, கீரியைப் போன்ற உருவமுள்ள ஸ்டோட், மரமேறும் பைவிலங்கான போசம் ஆகியவற்றுக்கு முன் அந்நாட்டுப் பறவைகள் தற்காப்பின்றி நின்றன. இன்று அங்குள்ள தாயகப் பறவையினங்களில் பெரும்பாலானவை அழிவாபத்துப் பட்டியலில் ஏதாவது ஒரு நிலையில் இருக்கின்றன. இந்தச் செய்தியை அறிக்கையாக வெளியிட்டால் படிப்பவர் சிலரே. அதையே ஒரு போட்டியாக மாற்றியதுதான் இந்த முயற்சியின் அடிப்படை.

வென்ற பறவைக்குப் பரிசு எதுவும் இல்லை. அதன் பெயரில் சட்டம் இயற்றப்படுவதில்லை, அரசு நிதி ஒதுக்குவதில்லை, எந்தக் கட்டடத்துக்கும் பெயர் மாறுவதில்லை. கிடைப்பது ஓராண்டுப் பட்டமும் செய்தித்தாள்களில் சில நாள் இடமும் மட்டுமே. இதை ஒரு குறையாக எண்ணத் தோன்றும். இவ்வாக்கெடுப்பின் பிற எல்லா வடிவமைப்பு முடிவுகளையும் சாத்தியமாக்கியது இந்தக் குறைதான் என்பதைப் பின்னர் காணலாம்.

வேட்பாளரும் ஆதரவாளரும்

தளத்தைத் திறப்பவர் முன் எழுபதுக்கும் மேற்பட்ட பறவைகளின் பட்டியல் விரிகிறது. ஒவ்வொன்றுக்கும் படமும், அந்நாட்டுப் பழங்குடியினரின் மாவோரி மொழிப் பெயரும் ஆங்கிலப் பெயரும், அழிவாபத்தில் அது எந்நிலையில் இருக்கிறது என்ற குறிப்பும் உண்டு. வாக்களிக்கக் கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் முகவரி ஒன்று போதும். வாக்குப்பதிவு ஏறத்தாழ இரண்டு வாரம் நடக்கும்.

இவ்வளவில் இது எந்த நிறுவனமும் அமைக்கக்கூடிய தளமே. வேறுபாடு தளத்துக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு பறவைக்கும் பரப்புரைப் பொறுப்பாளர்கள் முன்வருகிறார்கள். அவர்கள் அமைப்பின் ஊழியர்கள் அல்லர். உயிரியல் மாணவர்கள், அருங்காட்சியகங்கள், விலங்குக் காட்சிச்சாலைகள், ஏதோ ஒரு பறவையின் மீது பிடிப்புள்ள தனி மனிதர்கள். தேர்தல் சுவரொட்டி போலப் படம் தயாரிப்பது, எதிர் வேட்பாளரைக் கிண்டல் செய்வது, கூட்டணி பேசுவது என்று உண்மைத் தேர்தலின் சடங்குகள் அனைத்தையும் அவர்கள் நடத்திக் காட்டுகிறார்கள். புளித்த பழங்களைத் தின்று தள்ளாடும் ‘கெரெரூ’ என்ற காட்டுப்புறா 2018-ல் வென்றபோது, அதன் குடிப்பழக்கமே பரப்புரையின் மையப் பொருளாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய வடிவமைப்பு முடிவு ஒன்று உண்டு. அமைப்பு தன் குரலில் “வாருங்கள், வாக்களியுங்கள்” என்று அழைக்கும் வேலையைப் பெரும்பாலும் கைவிட்டு, அதை எழுபது சிறு குழுக்களிடம் ஒப்படைத்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் பொது அழைப்பைக் கடந்துபோவது எளிது. அறிமுகமான ஒருவர் தன் வேட்பாளருக்கு ஒரு வாக்குக் கேட்கும்போது மறுப்பது அவ்வளவு எளிதன்று. நம் ஊரில் உள்ளாட்சித் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்ணமும் அசைவூட்டமும் முகப்பின் அழகும் வந்தவரைச் சற்று நேரம் நிறுத்தலாம். வரவழைப்பது அவற்றின் வேலை அன்று. பல வாக்கெடுப்புத் தளங்களின் செலவுத் திட்டத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஐந்து வாக்கு என்ற விதி

2019-ல் இந்தத் தளம் விருப்பவரிசை முறைக்கு மாறியது. வாக்காளர் ஐந்து பறவைகள் வரை ஒன்று, இரண்டு என வரிசைப்படுத்தலாம். எண்ணிக்கையின்போது முதல் விருப்பம் மிகக் குறைவாகப் பெற்ற பறவை நீக்கப்பட்டு, அதற்கு விழுந்த வாக்குகள் அந்த வாக்காளர்களின் அடுத்த விருப்பத்துக்குப் போய்ச் சேரும். இறுதி வெற்றியாளர் தெளிவாகும்வரை இது தொடரும்.

இம்முறைக்குச் சொல்லப்படும் வழக்கமான நியாயம் வாக்குச் சிதறலைத் தடுப்பது. கிவியில் மட்டுமே பல இனங்கள் போட்டியிடும் பட்டியலில் அந்த நியாயம் வலுவானது. 2020-ல் அதன் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது: முதல் விருப்பங்களில் முன்னிலை வகித்தது அல்பட்ராஸ் என்ற கடற்பறவை, ஆனால் நீக்கங்கள் முடிந்தபோது, பலருடைய இரண்டாம் மூன்றாம் விருப்பமாக இருந்த ‘காக்காப்போ’ என்ற பறக்காத கிளி வென்றது. முதல் விருப்பங்களை மட்டும் எண்ணியிருந்தால் பட்டம் அல்பட்ராசுக்கே போயிருக்கும்.

ஆயினும் ஈடுபாடு என்ற நோக்கில் பார்த்தால் இந்த விதியின் மதிப்பு எண்ணிக்கை முறையில் இல்லை. ஒருவர் நண்பரின் வற்புறுத்தலால் ஒரே ஒரு பறவைக்காகத் தளத்துக்கு வருகிறார். ஒரு வாக்கு மட்டுமே என்றால் அதை இட்டுவிட்டு அரை நிமிடத்தில் வெளியேறுவார். இப்போது அவர் முன் நான்கு காலி இடங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் காலி இடத்தைக் கண்டால் நிரப்பத் தோன்றுவது மனித இயல்பு. அதற்காக அவர் பட்டியலை மேலும் கீழும் உருட்டுகிறார், பெயரே கேள்விப்படாத கடற்பறவைகளின் படங்களைத் திறக்கிறார், ‘அழியும் தறுவாயில்’ என்ற குறிப்பை மீண்டும் மீண்டும் காண்கிறார். அமைப்பு மக்களுக்குச் சொல்ல விரும்பியது எதுவோ அது வாக்களிக்கும் செயலுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. தனியாக ஒரு ‘எங்களைப் பற்றி’ப் பக்கம் தேவைப்படவில்லை. நான் ஆராய்ந்தவரை, இந்தத் தளத்தின் மிக நுட்பமான முடிவு இதுவே.

கள்ள ஓட்டு

மின்னஞ்சல் ஒன்றே அடையாளம் என்றால் கள்ள ஓட்டு விழும் என்பதில் ஐயமில்லை, விழுந்தது. 2015-ல் இரண்டு பதின்வயதுச் சிறுமிகள் ‘கோக்காக்கோ’ என்ற பறவைக்கு ஏறத்தாழ 200 போலி வாக்குகளை இட்டார்கள். (மறு ஆண்டே கோக்காக்கோ நேர்மையாக வென்றது.) 2018-ல் ஒரு நீர்க்காகத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட சந்தேக வாக்குகள் வந்தன. 2020-ல் சிறு புள்ளிக் கிவிக்கு ஓர் இரவில் ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) 1,500-க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்து, அதைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோயின. 2023-ல் ஒரே நபர் ஒரு பென்குயினுக்கு 40,000 வாக்குகள் போட்டிருந்தார்.

இவற்றைக் கண்டுபிடித்த விதம் எளிமையானது. வெலிங்டனைச் சேர்ந்த ‘டிராகன்ஃபிளை டேட்டா சயின்ஸ்’ என்ற தரவு நிறுவனம் வாக்குகளைப் பரிசீலிக்கிறது. மனிதர்கள் வாக்களிக்கும்போது நேர இடைவெளி ஒழுங்கற்றிருக்கும். நிரல் ஒன்று வாக்களிக்கும்போது சில நொடிக்கு ஒன்று என்று சீராக விழும். ஒரே முகவரியிலிருந்து குவியும் வாக்குகள், தற்காலிக மின்னஞ்சல் சேவைகளில் உருவாக்கிய பெயர்கள், ஒரே ஒரு பறவையை மட்டும் குறித்துவிட்டு மற்ற இடங்களைக் காலியாக விட்ட நீண்ட வரிசைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கள்ள ஓட்டுப் பெரும்பாலும் தானே வெளிப்படும். ஐந்து இடங்கள் தரும் விதி இங்கும் மறைமுகமாக உதவுகிறது: போலி வாக்கை உருவாக்குபவர் ஐந்து விருப்பங்களையும் இயல்பாகத் தோன்றும்படி மாற்றி மாற்றி அமைக்க வேண்டியிருக்கிறது.

அதைவிட முக்கியமானது, அமைப்பு இதைக் கையாண்ட முறை. வாயிலிலேயே தடுப்பதற்கு மாறாக, எல்லோரையும் உள்ளே விட்டுப் பின்னர் வடிகட்டுவதை அது தேர்ந்தெடுத்தது. வடிகட்டியதை மறைக்கவும் இல்லை. எந்தப் பறவைக்கு எத்தனை கள்ள ஓட்டு விழுந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நகைச்சுவையோடு செய்தியாளர்களிடம் சொன்னது. 2020-ல் கிவியின் பரப்புரைக் குழுவினரே அந்த மோசடியைக் கண்டித்தார்கள். 2019 வாக்கெடுப்பில் பதிவான 43,000-க்கும் மேற்பட்ட வாக்குகளின் விவரம், எந்நாள் எந்நேரம் எந்த விருப்பம் என்ற அளவில், பெயர்கள் நீக்கப்பட்டுப் பொதுவில் வெளியிடப்பட்டது. புள்ளியியல் பழகுவோர் அதை இன்றும் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். தோற்ற பறவையின் ஆதரவாளர் தானே எண்ணிப் பார்க்கலாம் என்ற நிலை இருக்கும்போது முடிவின் மீது வசை குறைகிறது.

மோசடிகள் உலகச் செய்தியாகி, போட்டிக்கு விளம்பரம் தேடித்தந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமைப்பு இதை விரும்பியதா என்று கேட்டால், வெறுக்கவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

வௌவாலும் விலக்கப்பட்ட கிளியும்

ஆண்டுதோறும் நடக்கும் எந்தப் போட்டிக்கும் சலிப்பே பெரும்பகை. இதற்கு அமைப்பு வைத்த மருந்து, தன் விதியைத் தானே மீறுவது. 2021-ல் பட்டியலில் நீண்டவால் வௌவாலைச் சேர்த்தது. பறவை அல்லாத ஒன்று பறவைப் போட்டியில் நிற்பது முறையா என்ற வாதம் கிளம்பியது; வௌவால் வென்றே விட்டது. அவ்வாண்டு பதிவான 56,733 வாக்குகள் அதுவரையிலான உச்சம். மறு ஆண்டு, இருமுறை பட்டம் வென்ற காக்காப்போவைப் பட்டியலிலிருந்து வேண்டுமென்றே நீக்கினார்கள். கவர்ச்சியான கிளி ஒன்று எல்லா வாக்குகளையும் வாரிக்கொண்டு போவதைத் தடுத்து, கண்ணில் படாத பறவைகளுக்கு இடம் தருவதே நோக்கம். அவ்வாண்டு வென்றது, உயர்ந்த மலைப்பாறைகளுக்கிடையே வாழும், கைக்குள் அடங்கும் சிறு பறவையான ‘பீவாவ்வாவ்’.

இரண்டாவது முடிவு முதலாவதைவிடத் துணிச்சலானது. கூட்டத்தை இழுக்கும் வேட்பாளரைத் தானே விலக்குவது வாக்கு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும் என்று தெரிந்தே அதைச் செய்தார்கள். ஈடுபாட்டை எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் ஒரு நிறுவனம் இதைச் செய்திருக்காது.

2023

அமைப்பின் நூற்றாண்டு நிறைவையொட்டி அவ்வாண்டுப் போட்டி ‘நூற்றாண்டின் பறவை’ என்று பெயர் மாறி, ‘ஹூயா’ போன்ற அற்றுப்போன இனங்களும் பட்டியலில் இடம்பெற்றன. அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஜான் ஆலிவர் விதிகளைப் படித்து, உலகில் எவரும் வாக்களிக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தார். ‘பூட்டெக்கெட்டெக்கே’ என்ற கொண்டை முக்குளிப்பானைத் தன் வேட்பாளராக்கினார். குஞ்சுகளை முதுகில் சுமந்து நீந்துவதும், தன் இறகுகளைத் தானே தின்பதும், நீர்ப்பாசியை அலகில் ஏந்தி ஆடும் இணைசேர்க்கை நடனமும் அதன் தகுதிகள். வெலிங்டன், பாரிஸ், டோக்கியோ, லண்டன் மட்டுமன்றி மும்பையிலும் விளம்பரப் பலகை வைத்தார். பிரேசிலின் கடற்கரை ஒன்றின்மேல் பதாகையுடன் விமானம் பறந்தது. வாக்குகளைச் சரிபார்க்கும் முறைமை சிறிது நேரம் முடங்கியது.

வெற்றி எனலாம்தான். சொந்த நாட்டிலேயே பலர் பெயரறியாத பறவையை உலகம் அறிந்தது. ஆனால் உள்ளூர்ப் பரப்புரைக் குழுக்களின் பல வார உழைப்பு பொருளற்றுப் போனது. இரண்டாமிடத்தைப் போல இருபத்திரண்டு மடங்கு வாக்கு முதலிடத்துக்கு விழுந்த போட்டியில் யாருக்கும் பதற்றம் இருக்க முடியாது. 2024-ல் எண்ணிக்கை 52,500 அளவுக்கு இறங்கியது. மஞ்சட்கண் பென்குயினான ‘ஹோய்ஹோ’ 6,328 வாக்குகளோடு இரண்டாம் முறையாக வென்றது. அதாவது, மூன்று ஆண்டுகளுக்கு முன் இருந்த இடத்துக்கே தளம் திரும்பியது. தொலைக்காட்சி அழைத்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் மறு ஆண்டு வரவில்லை. தங்கியவர்கள் பெரும்பாலும் பரப்புரைக் குழுக்கள் சேர்த்தவர்கள் என்று கொள்வதே பொருந்தும். 2025-ல் ‘காரெயாரெயா’ என்ற வல்லூறு ஏறத்தாழ 14,500 வாக்குகளோடு வென்றபோது மொத்த எண்ணிக்கை 75,000-ஐத் தாண்டியிருந்தது; இந்த வளர்ச்சிக்கு எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் தேவைப்படவில்லை.

இதே திறந்த வாயில், வேறு விளைவு

2016-ல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றம் 20 கோடி பவுண்டு மதிப்புள்ள துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் சூட்டுமாறு பொதுமக்களை இணையத்தில் அழைத்தது. ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ (Boaty McBoatface; ஆங்கிலத்தில் ‘போட்’ என்றால் படகு) என்ற விளையாட்டுப் பெயர் 1,24,109 வாக்குகளோடு முதலிடம் பிடித்தது. அரசு அதை ஏற்கவில்லை. கப்பலுக்கு இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற சர் டேவிட் அட்டன்பரோவின் பெயர் சூட்டப்பட்டு, வென்ற பெயர் கப்பலிலிருந்து இயங்கும் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் ஒன்றுக்குப் போனது. இந்த இரண்டாவது பகுதி சாமர்த்தியமானது. அந்தக் கலம் பின்னர் தென்முனைக் கடலில் உண்மையான ஆய்வுகளை நடத்தியதால், கேலிப் பெயர் மதிப்புள்ள பெயரானது. ஆனாலும் கேட்டுவிட்டு மறுத்தார்கள் என்ற குறை நீங்கவில்லை.

இரண்டு தளங்களிலும் நுழைவு ஏறத்தாழ ஒரே அளவு எளிதாக இருந்தது. மாறுபட்டது முடிவின் கனம். வாக்கின் விளைவு ஒரு பட்டம் மட்டும் என்றால் உலகமே வந்து வாக்களித்தாலும் நடத்துபவருக்கு இழப்பில்லை. விளைவு முப்பது ஆண்டு கடலில் ஓடப்போகும் அரசுக் கப்பலின் பெயர் என்றால், பரிந்துரைகளை முதலில் வடிகட்டிக் குறும்பட்டியலாக்கிய பின்னரே மக்களிடம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது இது ஆலோசனை மட்டுமே என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சிட்னி நகரில் நடந்தது இன்னும் மோசம். 2017-ல் ஒரு படகுக்கு ‘ஃபெர்ரி மெக்ஃபெர்ரிஃபேஸ்’ என்பதே மக்கள் தேர்வு என்று அமைச்சர் அறிவித்தார். அப்பெயருக்கு 182 வாக்குகளே விழுந்திருந்தன என்பது பின்னர் வெளியானது, பெயரும் மாற்றப்பட்டது. அங்கே கள்ள ஓட்டு வாக்காளர்களிடமிருந்து வரவில்லை.

தமிழ்நாட்டில் இதை அமைப்பதானால்

பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கும் குழுக்கள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. பரப்புரைப் பொறுப்பாளர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐந்து விருப்பம் என்ற விதியும் அப்படியே பொருந்தும். பறவையின் வட்டாரப் பெயர்களைத் தேடுபெட்டி ஏற்றாக வேண்டும். தவிட்டுக்குருவியை வேறொரு பெயரில் அழைக்கும் ஊர்க்காரர் தம் பறவையைப் பட்டியலில் காணாமல் திரும்பிவிடக் கூடாது.

அடையாளச் சரிபார்ப்பு மட்டும் பொருந்தாது. மின்னஞ்சலை நாள்தோறும் திறப்பவர் இங்கே குறைவு. கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபியே எல்லோருக்கும் பழகிய முறை. அதைக் கேட்டால் கள்ள ஓட்டு வெகுவாகக் குறையும், ஆனால் ஒரு பறவைக்கு வாக்களிக்கத் தன் எண்ணைத் தரத் தயங்குவோர் பாதியில் திரும்புவார்கள். ஐபி முகவரியை வைத்து வடிகட்டுவதும் இங்கே ஆபத்து: கைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பதால், ஒரு வட்டாரத்தின் நேர்மையான வாக்குகள் ஒருவரின் மோசடியாகத் தோன்றும். பள்ளிக் கணினி அறையிலிருந்து ஒரு வகுப்பே வாக்களித்தாலும் இதே சிக்கல்தான். எண்ணுக்கு ஒரு வாக்கு என்று கட்டினாலோ, ஒரே கைபேசியை நால்வர் பயன்படுத்தும் வீட்டில் மூவர் வெளியே நிற்பார்கள். அவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளுமாகவே இருப்பார்கள். பட்டத்தைத் தவிர வேறு விளைவில்லாத வாக்கெடுப்பில், ஓர் எண்ணிலிருந்து நான்கு வாக்குகள் வரை கேள்வியின்றி ஏற்று, ஐந்தாவதிலிருந்து மட்டும் தனியே நிறுத்தி மனிதக் கண்ணால் பார்ப்பதே போதுமானது. மாநகராட்சிப் பூங்காவுக்கு இடம் தேர்வதற்கான வாக்கெடுப்பு என்றால் அதே தளர்வை நான் பரிந்துரைக்க மாட்டேன்.